அறுபதாவது போர்டு ஆட்டம் எங்கே? ஓபன் செஸ் அமைப்பாளர்களுக்கு வேலூரிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் சர்வதேச ஓபன் செஸ் போட்டிகளை நடத்துகிற அமைப்பாளர்களுக்கும், அவற்றுக்கு நிதி தந்து துணை நிற்கிற விளையாட்டுத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் இரவு நேர மேலாளராக இருக்கிறேன். ஆட்ட பலத்தைக் காட்டும் ரேட்டிங் எண் வாங்கிய ஆட்டக்காரன் இல்லை நான். பயிற்சியாளரும் இல்லை, என் வீட்டிலிருந்து யாரும் போட்டிக்குப் போவதும் இல்லை. செஸ் பார்க்கிறவன், அவ்வளவுதான். உங்கள் கடிதப் போக்குவரத்தில் ஆட்டக்காரர்கள் இருப்பார்கள், பெற்றோர்கள் இருப்பார்கள், ஸ்பான்சர்கள் இருப்பார்கள். ரசிகர்களிடமிருந்து அதிகம் வந்திருக்காது என்று நினைக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உங்கள் போட்டியில் ஆடப்படுகிற ஒவ்வொரு ஆட்டத்தையும், பெரிய ஆட்கள் உட்காரும் முதல் போர்டிலிருந்து கடைசி போர்டு வரை, நகர்த்தல் நகர்த்தலாக வெளியிடுங்கள். அன்றைக்கே வேண்டும் என்றில்லை. போட்டி முடிந்து பத்து நாள் கழித்துக்கூட வெளியிடுங்கள். ஆனால் எல்லா ஆட்டமும் வெளியே வரட்டும். இந்த மடலில் வேறு சிலவும் சொல்வேன், அவையெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

ஓபன் போட்டியை ஒரு ரசிகன் எப்படிப் பின்தொடர்கிறான் என்பதைச் சொன்னால்தான் இது ஏன் முக்கியம் என்று விளங்கும். அழைப்பின்பேரில் நடக்கிற போட்டியில் எட்டு பேரோ பத்து பேரோ ஆடுவார்கள். யாரைப் பார்ப்பது என்ற குழப்பமே வராது. ஓபனில் 200 பேர் உட்கார்ந்திருப்பார்கள். உலகத் தரவரிசையில் இருப்பவரும் இருப்பார், பத்து வயதுப் பையனும் இருப்பான். ரசிகன் என்ன செய்வான்? முதல் இரண்டு மூன்று போர்டுகளில் ஒரு கண் வைப்பான். மற்றபடி தனக்கென்று நான்கைந்து பேரைத் தேர்ந்துகொண்டு அவர்கள் கூடவே போவான். எங்கள் மாவட்டத்துப் பையன் ஒருவன், நார்ம் (கிராண்ட்மாஸ்டர் போன்ற பட்டத்துக்கு வேண்டிய தகுதி) வாங்கும் தூரத்தில் இருக்கிற ஒருவர், வயதில் மூத்த பழைய கிராண்ட்மாஸ்டர் ஒருவர், பெயர் பிடித்திருந்ததால் ஒரு மங்கோலிய ஆட்டக்காரர். எனக்கு அப்படித்தான்.

இரவு, அடுத்த சுற்றில் யாருக்கு யார் என்ற பேரிங் வரும்வரை செஸ்-ரிசல்ட்ஸ் இணையப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்ப்பேன். என் ஆள் யாரோடு, எந்தக் காய், எந்த போர்டு என்று குறித்துக்கொள்வேன். சுவிஸ் முறையின் அழகே இதுதான். ஜெயித்தால் அடுத்த சுற்றில் இன்னும் பெரிய ஆள் வருவார், தோற்றால் கீழே இறங்கித் தன் புள்ளியில் நிற்கிறவரோடு மோத வேண்டும். 1895இல் ஜூரிச்சில் முதன்முதலாகச் செஸ்ஸுக்குப் பயன்படுத்திய முறை. யாரையும் நடுவில் வெளியேற்றாமல் எல்லாரையும் கடைசிச் சுற்று வரை ஆட வைக்கிறது. ஆகவே 150ஆவது இடத்தில் இருப்பவருக்கும் கடைசி நாள் வரை கதை உண்டு.

இந்த முறையால் மட்டுமே நடக்கக்கூடிய விஷயங்கள் சில உண்டு. 2023 அக்டோபரில் கத்தார் மாஸ்டர்ஸ் ஓபனில் நம் தஞ்சாவூர் கார்த்திகேயன் முரளி முன்னாள் உலகச் சாம்பியன் மேக்னஸ் கார்ல்சனை, மணிக்கணக்கில் நீளும் கிளாசிக்கல் ஆட்டத்தில் வீழ்த்தினார். அதற்கு முன் அதைச் செய்த இந்தியர்கள் ஆனந்தும் ஹரிகிருஷ்ணாவும் மட்டும்தான். அழைப்புப் போட்டியாக இருந்திருந்தால் அந்த இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கவே மாட்டார்கள். அன்று வரவேற்பு மேசையில் உட்கார்ந்தபடி அந்த ஆட்டத்தைக் கடைசி வரை பார்த்தேன். சாவி கேட்டு வந்தவர்களுக்குச் சாவி கொடுத்துக்கொண்டே பார்த்தேன். மேல் போர்டு என்பதால் பார்க்க முடிந்தது. என் வேண்டுகோளே அங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் பகுதியில் ஒரு பெண் இருக்கிறாள். பதினோராம் வகுப்பு. அப்பா குடியாத்தத்தில் தறி ஓட்டி, பிறகு வேலூருக்கு வந்தவர். பெயரும் பள்ளியும் இங்கே வேண்டாம். சில காலத்துக்கு முன் நம் மாநிலத்தில் நடந்த ஒரு சர்வதேச ஓபனில் அவளும் ஆடினாள். எந்தப் போட்டி என்பதும் வேண்டாம், ஒருவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தரவரிசையில் அவள் 160. சுமார் 200 பேர் போட்டியில் முதல் சுற்றில் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் மோதும். எனவே 160ஆம் எண்ணுக்கு 60ஆம் எண். உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே தருகிற ‘ஃபிடே மாஸ்டர்’ பட்டம் பெற்ற வியட்நாம்காரர் ஒருவர், ரேட்டிங்கில் இவளைவிட 500 புள்ளிக்கு மேல் உயர்ந்தவர். அறுபதாவது போர்டு. நகர்த்தலைத் தானாகப் பதிந்து இணையத்தில் காட்டும் டிஜிட்டல் போர்டுகள் முதல் இருபது மேசைகளுக்கு மட்டும்.

அந்த மாலை எனக்குக் கிடைத்தது என்ன? பக்கத்து போர்டுகளுக்கெல்லாம் முடிவு வந்துகொண்டே இருந்தது. அறுபதாவதில் ஒன்றும் வரவில்லை. நான்கு மணி நேரம் கழிந்தது, அதற்கு மேலும் ஆனது. அப்புறம் ஒரு ‘அரை’ வந்தது. டிரா! பிறகு ரேட்டிங் மாற்றக் கட்டத்தில் 16.8 என்று ஏறியது. 18 வயதுக்குள், 2300 ரேட்டிங்குக்குக் கீழே இருப்பவர்களுக்கு மாற்றத்தைப் பெருக்கும் கெழு 40. இவ்வளவு வித்தியாசத்தில் அவளிடம் எதிர்பார்க்கப்பட்டது 0.08 புள்ளி. எடுத்தது 0.5. மிச்சம் 0.42, அதை நாற்பதால் பெருக்கினால் 16.8. கணக்கு சரி. ஆனால் அரை, 16.8 என்ற இரண்டு எண்களைத் தவிர அந்த ஆட்டத்தைப் பற்றி உலகத்துக்கு எதுவும் தெரியாது.

போட்டி முடிந்து அவள் ஊர் திரும்பியதும் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். “இருங்க மாமா” என்று உள்ளே போய் ஃபைலை எடுத்து வந்தாள். ஆட்டத் தாளின் கார்பன் பிரதி. முதல் இருபது நகர்த்தல் அச்சடித்ததுபோல் இருந்தது. ஓரத்தில் ஐந்து நகர்த்தலுக்கு ஒருமுறை மீதி நேரம். முப்பதுக்கு மேல் எழுத்து சாய ஆரம்பித்தது. நாற்பதில் மீதி நேரம் மூன்று நிமிடம் என்றிருந்தது. நாற்பத்தேழாவது நகர்த்தலில் அவள் டிரா கேட்டிருக்கிறாள், விதிப்படி சமக்குறியை அடைப்புக்குள் போட்டிருந்தாள். எதிராளி ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு சிப்பாய் குறைவாக யானை முடிவாட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள். தாளில் இருப்பது அறுபது நகர்த்தலுக்குத்தான் இடம். அறுபதோடு பிரதி முடிந்துவிட்டது.

அதன்பின் இன்னும் பதினெட்டு நகர்த்தல் நடந்திருக்கிறது. நடுவர் கொடுத்த இரண்டாவது தாளுக்கு அடியில் கார்பன் இல்லை. அந்தத் தாள் ஒன்றே ஒன்றுதான், அது உங்களைப் போன்ற ஓர் அமைப்பாளர் குழுவிடம் இருக்கிறது. அவள் அந்த ஆட்டத்தைக் காப்பாற்றியதே அந்தப் பதினெட்டு நகர்த்தலில்தான்.

எப்படிக் காப்பாற்றினாய் என்று கேட்டேன். போர்டை எடுத்து வைத்துக் காட்டினாள். கறுப்புக் காய் அவளுடையது. யானையை ஆறாவது வரிசையில் நிறுத்தி, எதிராளியின் ராஜா அந்த வரிசைக்குள் காலெடுத்து வைக்காமல் தடுத்துக்கொண்டே இருப்பது. பொறுமை இழந்து அவர் சிப்பாயை ஆறாவது வரிசைக்குத் தள்ளிய அடுத்த கணமே யானையை நேரே முதல் வரிசைக்கு இறக்கிப் பின்னாலிருந்து செக், செக், செக். சிப்பாய் முன்னே போய்விட்டதால் ராஜாவுக்கு ஒளிய இடம் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஃபிலிடோர் சொல்லிவைத்த தற்காப்பு. பயிற்சிப் புத்தகத்தில் எல்லாரும் படிப்பதுதான். ஆனால் கடிகாரத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதலாகக் கிடைக்கிற 30 வினாடியில் வாழ்ந்துகொண்டு, எதிரே மாஸ்டர் பட்டம் பெற்றவர் உட்கார்ந்திருக்க, அதைப் பிசகாமல் செய்வது வேறு. எந்த நகர்த்தலில் யானையை இறக்கினாய் என்று கேட்டேன். “அறுபத்தெட்டா, எழுபதா... ஞாபகம் இல்ல மாமா, நடுவுல ராஜா கொஞ்சம் சுத்தினாரு” என்றாள்.

அவள் அப்பா அமைப்பாளர்களுக்கு போன் போட்டுக் கேட்டார். மரியாதையாகத்தான் பேசினார்கள். எல்லாத் தாளையும் கட்டி உள்ளே வைத்துவிட்டோம், இனி தேட முடியாது என்றார்கள்.

ஃபிடே விதிகளின் எட்டாம் பிரிவு உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆட்டத் தாள்கள் போட்டி அமைப்பாளரின் சொத்து என்று அது சொல்கிறது. 30 வினாடி கூடுதல் நேரம் உள்ள ஆட்டத்தில் எவ்வளவு நேர நெருக்கடி இருந்தாலும் கடைசி நகர்த்தல் வரை இருவரும் எழுதியாக வேண்டும் என்பதும் விதி. எழுதாவிட்டால் நடுவர் வந்து நிற்கிறார். பதினைந்து வயதுப் பிள்ளைகளை அவ்வளவு கண்டிப்பாக எழுத வைத்து, இருவரிடமும் கையெழுத்து வாங்கி, உங்கள் சொத்தாக எடுத்துக்கொண்ட பிறகு அதை மூட்டை கட்டிப் போடுவது எந்த வகையில் நியாயம்? எழுத வைத்தது யாராவது ஒருநாள் படிக்கத்தானே?

நார்ம் வாங்கியவர்களின் ஆட்டங்களைப் போட்டி அறிக்கையோடு ஃபிடேவுக்கு அனுப்ப வேண்டியிருப்பதால் அவற்றை நீங்கள் தட்டச்சு செய்கிறீர்கள். மேல் போர்டுகள் தானாகவே பதிவாகின்றன. ஆக மிஞ்சுவது நடு வரிசையும் கீழ் வரிசையும். அதற்கு எவ்வளவு உழைப்பு தேவை என்று நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 200 பேர் போட்டி என்றால் ஒரு சுற்றுக்கு 100 ஆட்டம். இருபது டிஜிட்டல் போர்டு போனால் 80. ஓர் ஆட்டத்தைத் தட்டச்சு செய்ய, கையெழுத்து புரியாமல் முழிக்கிற நேரத்தையும் சேர்த்து, ஐந்து நிமிடம் வைத்துக்கொள்வோம். 400 நிமிடம். நான்கு பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம்கூட இல்லை. செஸ் தெரிந்த கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் கிடைக்காத ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறதா? சாப்பாடும் ஒரு சான்றிதழும் கொடுத்தால் சந்தோஷமாக வருவார்கள். இரண்டு தாளையும் வைத்துப் பார்த்தால் ஒருவர் கிறுக்கியதை மற்றவர் தாளில் சரிபார்த்துக்கொள்ளலாம். கோடிக்கணக்கில் செலவாகும் வேலை இல்லை இது.

சின்ன ஆட்டக்காரர்களின் ஆட்டத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். 2019 ஜனவரியில் டெல்லி இன்டர்நேஷனல் ஓபனில்தான் குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆனார், பன்னிரண்டரை வயதில். 2018 ஜூனில் பிரக்ஞானந்தா தன் கடைசி நார்மை எடுத்தது இத்தாலியில் ஓர்டிசேய் என்ற மலையூரில் நடந்த கிரெடைன் ஓபனில். வைஷாலி 2023 டிசம்பரில் கிராண்ட்மாஸ்டர் ஆக வேண்டிய 2500 ரேட்டிங்கைத் தாண்டியது ஸ்பெயினில் எல் லோப்ரேகாட் ஓபனில். மூவருமே ஓபன் அரங்குகளில் வளர்ந்தவர்கள். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று குகேஷ் உலகச் சாம்பியன் ஆனபோது, இந்தப் பையன் எட்டு வயதில், ஒன்பது வயதில் எப்படி ஆடினான் என்று தேடிப் பார்க்க எத்தனை பேர் ஆசைப்பட்டிருப்பார்கள்! இன்று உங்கள் எண்பதாவது போர்டில் கால் தரையில் எட்டாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை யார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அப்படி யாரும் பெரிய ஆளாக வரவில்லை என்றாலும் என் வேண்டுகோள் மாறாது. அந்த வேலூர்ப் பெண் கிராண்ட்மாஸ்டர் ஆவாளா என்பது எனக்கு இரண்டாம் பட்சம். அந்த ஒரு ஆட்டம் நன்றாக ஆடப்பட்ட ஆட்டம். அதற்காகவே அது கிடைக்க வேண்டும்.

இதை முடியாத காரியம் என்று சொல்லவும் முடியாது. 2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது கடைசி மேசைகளில் ஆடிய நாடுகளின் ஆட்டங்களும் கிடைத்தன. அதை நடத்திக் காட்டியது தமிழ்நாடுதான். மறக்க முடியாத நாட்கள் அவை. பத்தாவது சுற்றில் இந்தியா ‘பி’ அணி உஸ்பெகிஸ்தானோடு மோதியது. குகேஷுக்கும் அப்துசத்தோரோவுக்கும் முதல் போர்டு. அன்று லாட்ஜில் கொல்கத்தாக்காரர் ஒருவர் தங்கியிருந்தார், மனைவிக்கு அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தார். பரிசோதனை முடிவுக்குக் காத்திருந்த அந்த மனிதர் என் போனில் போர்டைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு வங்காளம் வராது, அவருக்குத் தமிழ் வராது. குகேஷ் கைக்குள் இருந்த ஆட்டத்தைத் தவறவிட்டபோது இருவரும் ஒரே நேரத்தில் தலையில் கை வைத்தோம். சிந்தரோவைப் பிரக்ஞானந்தா ஜெயித்ததால் 2-2 என்று முடிந்தது. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போயிற்று, நம் பிள்ளைகளுக்கு வெண்கலம். மறுநாள் காலை அவர் வந்து திபேந்து பருவாவைப் பற்றிச் சொன்னார். ஆனந்துக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது கிராண்ட்மாஸ்டர், அவர்கள் ஊர்க்காரர். ரசிகர்கள் இல்லாத விளையாட்டு என்று செஸ்ஸை யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்த ரசிகர்கள் நேரில் வந்தால் என்ன ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சென்னையில் ஓபன் நடக்கும்போது எங்கள் பக்கத்து ரசிகர்கள் காலை ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்துக் காட்பாடியிலிருந்து போவார்கள். அரங்க வாசலில் பெற்றோர் கூட்டத்தோடு நிற்க வேண்டியிருக்கும். உள்ளே விட மாட்டார்கள், அல்லது முதல் பத்து நிமிடம் படம் எடுக்கிற நேரத்தில் மட்டும் விடுவார்கள். எந்த நகர்த்தலும் வெளியே தெரியாது. சுற்று மூன்று மணிக்குத் தொடங்கினால், ஆளுக்கு 90 நிமிடமும் நகர்த்தலுக்கு 30 வினாடியும் என்ற கணக்கில் அறுபது நகர்த்தல் ஆட்டம் ஏழு மணிக்குத்தான் முடியும். மாலை ஏலகிரி அதற்குள் கிளம்பிவிடும். முடிவாட்டம் சூடு பிடிக்கும்போது நாங்கள் சென்ட்ரலில் ரயிலேறிக்கொண்டிருப்போம்.

மோசடிக்குப் பயந்துதான் இந்தக் கெடுபிடி என்று தெரியும். அந்தப் பயம் நியாயமானதே. போனில் இருக்கிற இன்ஜின் என்கிற செஸ் மென்பொருள் உலகச் சாம்பியனையே அடிக்கும் காலம் இது. எனவே போனை வாசலில் வாங்கி வையுங்கள், சோதனை போடுங்கள், கயிறு கட்டி இருபதடி தள்ளி நிற்க வையுங்கள். நேரலையைப் பதினைந்து நிமிடம் தாமதித்துக் காட்டுங்கள், ரசிகனுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் கதவை முழுதாகச் சாத்திவிடாதீர்கள். பக்கத்து அறையில் பெரிய திரை ஒன்று வைத்து, செஸ் தெரிந்த ஒருவர் தமிழில் நான்கு வார்த்தை விளக்கிச் சொன்னால் போதும். இன்று பெரும்பாலான ரசிகர்கள் திரையோரத்தில் ஏறி இறங்குகிற மதிப்பீட்டுப் பட்டையைப் பார்த்துத்தான் ஆட்டத்தைத் தெரிந்துகொள்கிறார்கள். வெள்ளைக்கு நன்றாக இருக்கிறது என்று பட்டை சொல்லும், ஏன் என்று சொல்லாது. குதிரையை அங்கே வைத்தது எதற்கு, இந்தச் சிப்பாயை இப்போது ஏன் தொடக்கூடாது என்பதைச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். ஆங்கில வர்ணனைகள் தரமாக இருக்கின்றன, நானும் கேட்கிறேன். எங்கள் தெருவில் பேரனோடு உட்கார்ந்து செஸ் பார்க்கிற பாட்டிக்கு அது எட்டாது.

கடைசிச் சுற்றில் நார்ம் நிலவரத்தையும் அறிவியுங்கள். கிராண்ட்மாஸ்டர் நார்முக்கு ஒன்பது ஆட்டம், 2600 அளவிலான ஆட்டத்திறன், எதிராளிகளில் மூன்று கிராண்ட்மாஸ்டர்களாவது இருக்க வேண்டும் என்று பல நிபந்தனைகள். அதை ரசிகன் தானாகக் கணக்கிட்டுக்கொண்டிருக்க முடியாது. பதினான்காவது போர்டில் உட்கார்ந்திருப்பவருக்கு இன்று டிரா போதும், இருபத்திரண்டாவது போர்டில் இருப்பவர் ஜெயித்தே ஆக வேண்டும் என்று ஒரு பலகையில் எழுதி வைத்தால் அந்த இரண்டு மேசையையும் மொத்தக் கூட்டமும் பார்க்கும். கணக்கு நடுவர்களிடம் எப்படியும் இருக்கிறது.

இப்போது எங்கள் ஊர் விஷயம். ஒரு சர்வதேச ஓபனை வேலூரில் நடத்துங்கள்.

சர்வதேசப் போட்டி என்றாலே சென்னை என்று ஆகிவிட்டது. ஆனால் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனது கோயம்புத்தூரில் நடந்த சக்தி ஃபைனான்ஸ் போட்டியில், 1988இல். கோவையில் அன்று முடிந்தது வேலூரில் இன்று முடியாதா? காட்பாடி சந்திப்பில் இறங்கினால் ஊர். சென்னையும் பெங்களூரும் திருப்பதியும் சில மணி நேர ரயில் தூரம். பெரிய அரங்குகள் உள்ள கல்லூரிகள் இருக்கின்றன. ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை, ஆரணி, திருவண்ணாமலை என்று பழைய வடார்க்காட்டு ஊர்களிலிருந்தெல்லாம் பிள்ளைகள் பஸ் ஏறி வந்து வீடு திரும்பிவிடலாம். சென்னைப் போட்டியில் ஆட ஒரு குடும்பம் பத்து நாள் அறை எடுத்துத் தங்க வேண்டியிருக்கிறது. நுழைவுக் கட்டணத்தைவிட அந்தச் செலவுதான் பலரை நிறுத்துகிறது. அந்தத் தறிக்காரரும் ஓபனுக்குப் போவதா வேண்டாமா என்று யோசித்தது அறை வாடகையை நினைத்துத்தான்.

தங்குமிடம் பற்றி நான் உறுதியோடு பேசலாம், என் தொழில் அது. வெளியூர்க்காரர்களைத் தங்க வைப்பதில் வேலூருக்கு இருக்கிற பழக்கம் பெரிய நகரங்களுக்குக்கூடக் கிடையாது. மேற்கு வங்கம், ஜார்கண்ட், பீகார், அசாம், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ சிகிச்சைக்கு வருகிறவர்களை நம்பித்தான் காந்தி ரோடு இருக்கிறது. கடைப் பலகைகளில் தமிழுக்குக் கீழே வங்காளம் இருக்கும். கடுகெண்ணெயில் மீன் சமைக்கிற ஓட்டலும் உண்டு, இந்தியில் பேரம் பேசுகிற ஆட்டோக்காரரும் உண்டு. ரூம் பையனிலிருந்து முதலாளி வரை வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைப் பதிவு செய்யத் தெரியும். குறைந்த வாடகையில் அறையும், அறைக்குள்ளேயே சமைத்துக்கொள்ளும் வசதியும் இங்கே சாதாரணம். பத்து நாள் தங்குகிற ஆட்டக்காரருக்கும் கூட வருகிற அம்மாவுக்கும் வேண்டியது இதுதானே?

வெயிலைக் காரணம் காட்டுவீர்கள். எங்கள் கோடை கொடியது, மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே சகஜம், அந்த மாதத்தில் வரச் சொல்ல மாட்டேன். ஜனவரியில் வாருங்கள். காலையில் பனி விழும். சுற்று இல்லாத நேரத்தில் ஆட்டக்காரர்கள் கோட்டை அகழியோரம் நடக்கலாம், ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களைப் பார்க்கலாம். மாலைச் சுற்று முடிந்து இரவு பத்து மணிக்கு வெளியே வந்தாலும் மருத்துவமனைப் பக்கம் சூடான சாப்பாடு கிடைக்கும்.

நடத்துவது என்று முடிவெடுத்தால், முதல் சுற்று தொடங்கும் முன்பே இரண்டாவது தாளுக்கும் கார்பன் வாங்கி வையுங்கள். தட்டச்சு செய்ய ஆள் போதவில்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள். எனக்கு வேலை இரவில்தான், பகலில் வந்து உட்கார்ந்து செய்து தருகிறேன், லேப்டாப் இருக்கிறது. வேலூரில் இல்லாமல் வேறு ஊரில் நடத்தினாலும் தாள்களைப் படம் எடுத்து அனுப்பினால் இங்கிருந்தே செய்வேன். என்னைப் போல் இன்னும் மூன்று பேர் இந்த ஊரில் தயாராக இருக்கிறார்கள், பேசிவிட்டுத்தான் எழுதுகிறேன். ஏற்கெனவே நடந்து முடிந்த போட்டிகளின் தாள்கள் எந்த அலமாரியிலாவது கட்டாக இருந்தால், அதையும் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு செஸ் ரசிகன்,
கொசப்பேட்டை, வேலூர்.